சேற்றுக் கரையின் செல்வம்



விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "கடலுக்குப் போகலாமா?" என்பதுதான். நாமும் மோரிப்புக்கோ போர்ட்டிக்சனுக்கோ அழைத்துச் செல்கிறோம். மணலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டு, அலையில் கால் நனைத்துத் திரும்புகிறோம். ஆனால் கோலசிலாங்கூர் என்று சொன்னால், "அங்கே மணல் ஏது? வெறும் சேறுதானே!" என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். போனாலும் மீனும் இறாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

அந்தச் சேற்றைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம். அது வெறும் சேறு அல்ல. அதில் ஓர் அரசின் வரலாறு இருக்கிறது. நம் முன்னோரின் உழைப்பு இருக்கிறது. உலகில் அரிதாகக் காணக்கூடிய ஒரு வெளிச்சமும் இருக்கிறது. அந்த வெளிச்சம் அணையாமல் இருப்பதில் ஆற்றோரத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. எப்படி என்று பார்ப்போமா?

கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கோலசிலாங்கூர். 'கோலா' என்றால் ஆற்றின் முகத்துவாரம். நாட்டின் நடுவே உள்ள மலைத்தொடரில் பிறக்கும் சிலாங்கூர் ஆறு, வரும் வழியெல்லாம் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து இங்கே கடலில் சேர்க்கிறது. மலாக்கா நீரிணையோ அமைதியானது. பேரலைகள் அடித்து அந்த மண்ணைக் கலைப்பதில்லை. ஆகவே வண்டல் படிந்து படிந்து, கரை நெடுகச் சேற்று நிலமாகிவிட்டது. மணல் இல்லாத குறையாக நாம் நினைப்பது, உண்மையில் ஆறு கொண்டுவந்து கொடுத்த கொடை.

முதலில் ஊரின் நடுவே இருக்கும் குன்றில் ஏறுவோம். அதற்கு மெலாவத்திக் குன்று என்று பெயர். பெரிய உயரம் இல்லை. பாட்டிமார்கூட மெல்ல நடந்து ஏறிவிடலாம். மேலே பழைய பீரங்கிகள் கடலை நோக்கி நிற்கின்றன. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்கள் அடக்கமான இடமும் அங்கேதான் இருக்கிறது. அந்த நாளில் ஈயம் ஆற்றின் வழியாகத்தான் கடலுக்கு வரும். ஆற்றின் வாயைக் காப்பவன் கையில் வாணிபம் இருக்கும். ஆகவேதான் அங்கே கோட்டை.

1784ஆம் ஆண்டில் ரியாவைச் சேர்ந்த ராஜா ஹாஜி, டச்சுக்காரர்களிடம் இருந்த மலாக்காவைத் தாக்கினார். சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் அவருக்குத் துணை நின்றார். அந்தப் போரில் ராஜா ஹாஜி மாண்டார். உடனே டச்சுக் கப்பல்கள் சிலாங்கூரின் மேல் வந்தன. கோட்டை அவர்கள் வசமாயிற்று. தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரால் அதற்கு 'ஆல்டிங்ஸ்பர்க்' என்று பெயரும் சூட்டினார்கள். ஆனால் சுல்தான் இப்ராஹிம் ஓய்ந்துவிடவில்லை. பகாங்குக்குச் சென்று ஆள் திரட்டி, காடு மலை கடந்து வந்து, 1785ஆம் ஆண்டில் ஓரிரவில் கோட்டையைத் தாக்கி மீட்டுவிட்டார். ஓராண்டுகூட அந்நியரால் அங்கே நிலைத்திருக்க முடியவில்லை. 1907ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் ஒன்றும் குன்றின் மேல் இருக்கிறது. அதற்கு அந்த டச்சுப் பெயரே நிலைத்துவிட்டது.

குன்றின் மேல் வெள்ளி போன்ற சாம்பல் நிறக் குரங்குகளைக் காணலாம். மலாய்க்காரர் இவற்றை லோத்தோங் என்பார்கள். தாய் சாம்பல் நிறம். மடியில் இருக்கும் குட்டியோ பளிச்சென்ற ஆரஞ்சு நிறம்! வளர வளரத்தான் தாயின் நிறம் வரும். இவை இயற்கையில் இலையும் தளிரும் தின்று வாழ்பவை. நாம் ரொட்டியும் இனிப்பும் நீட்டினால் வாங்கிக்கொள்ளும்; ஆனால் அந்த வயிறு அதற்காக அமைந்ததல்ல. பிள்ளைகள் கண்ணால் பார்த்து மகிழட்டும். கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டாம்.

குன்றிலிருந்து கீழே கடல் பக்கம் பார்த்தால் பச்சைப் போர்வை போலத் தெரிவது சதுப்பு நிலக் காடு. 1987ஆம் ஆண்டில் மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியாலும் மாநில அரசின் இசைவாலும் இதன் ஒரு பகுதி இயற்கைப் பூங்காவாக அமைக்கப்பட்டது.

உப்பு நீரில் மரம் எப்படி வளர்கிறது? ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு வழி கண்டிருக்கிறது. கடலுக்கு மிக அருகில் நிற்பது அப்பி-அப்பி மரம். சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால், அதன் வேர்கள் பென்சில்களை நட்டுவைத்ததுபோல் மேலே தலைநீட்டி மூச்சு விடுகின்றன. அடுத்து பாக்காவ் மரம். அது பந்தற்கால் போல வேர்களை ஊன்றி நிற்கிறது. அதன் விதை, தாய் மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு நீண்டு வளர்ந்து, பிறகுதான் விழுகிறது. விழுந்த இடத்தில் சேற்றில் குத்திக்கொண்டு நின்றுவிடும். அல்லது நீரில் மிதந்து வேறு கரைக்குப் போய் வேர்விடும்.

நமக்கு நெருக்கமான மரம் ஒன்றும் இந்த நாட்டுச் சதுப்பு நிலங்களில் உண்டு. மலாய் மொழியில் அதன் பெயர் புத்தா-புத்தா. 'புத்தா' என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் வந்த பெயர். தமிழில் இதுதான் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம். அதை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் சீவிய ரப்பர் மரமும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கோயில் மரமும் பால் மரமும் உறவினர் என்றால் வியப்பாக இல்லையா?

இந்தக் காட்டின் வேர்களுக்கு இடையேதான் இறாலும் நண்டும் மீன் குஞ்சுகளும் பெரிய மீன்களிடமிருந்து தப்பி வளர்கின்றன. அருகிலுள்ள பாசிர் பெனாம்பாங் மீனவர் வலையில் விழுவதில் பெரும்பங்கு, இந்தச் சேற்றில் சிறுவயதைக் கழித்ததுதான். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, சைபீரியா போன்ற குளிர் நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் பறவைகளும் இந்தச் சேற்றில் இறங்கித்தான் புழுவும் பூச்சியும் தேடித் தின்கின்றன. நாம் வெறுங்கால் வைக்கத் தயங்கும் சேறு, எத்தனை உயிர்களுக்குச் சோற்றுப்பானை பாருங்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் இந்தச் சேற்றை அன்போடு பார்த்திருப்பார்களா? நிச்சயம் இல்லை. அவர்களுக்கு அது காய்ச்சலின் வீடு. கரையோரத் தோட்டங்களில் மலேரியாவால் கொத்துக் கொத்தாக மாண்டவர்கள் ஏராளம். 1901ஆம் ஆண்டில், இதே கடற்கரையில் தெற்கே இருக்கும் கிள்ளானில் மல்கம் வாட்சன் என்ற டாக்டர், தேங்கிய நீரை வடியவைத்துக் கொசுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. அதன் பிறகு வடிகால் வெட்டுவது உயிர் காக்கும் வேலையாயிற்று. அந்த வடிகால்களையும், கடல் நீர் உள்ளே வராமல் தடுக்கும் மண்கரைகளையும் வெட்டியும் கட்டியும் உழைத்தவர்களில் நம்மவர் கைகள் பல. ஆகவே சதுப்பை வடியவைத்தது குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. அது அன்றைய தேவை.

அப்படி உருவான நிலத்தில் தென்னையும் ரப்பரும் பரவின. பின்னர் செம்பனை வந்தது. மலேசியாவில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது எங்கே தெரியுமா? இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊரின் அருகே, 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே அந்தத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயர் 'தென்னமரம்'! துரை பிரெஞ்சுக்காரர், பயிர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, பெயரோ நம் தமிழ். நாட்டின் பெருந்தொழில் ஒன்றின் முதல் ஏட்டில் நம் மொழி எழுதப்பட்டிருக்கிறது. குன்றின் மேலுள்ள பீரங்கி மட்டும்தான் வரலாறு என்று நம் பிள்ளைகள் எண்ண வேண்டாம். தாத்தா வெட்டிய கால்வாயும் வரலாறுதான். பாட்டி நடந்து போன மண்கரையும் வரலாறுதான்.

இப்பொழுது இருட்டத் தொடங்கிவிட்டது. நாம் ஆற்றுக்குப் போவோம். ஊரிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உள்ளே கம்போங் குவாந்தான் என்ற கிராமம் இருக்கிறது. துடுப்புப் போடும் சிறு சம்பானில் ஏறி, சத்தமின்றிக் கரையோரமாகப் போனால், கரையில் நிற்கும் மரங்கள் தீபாவளி விளக்கு ஏற்றியதுபோல் மின்னுகின்றன. ஆயிரக்கணக்கான மின்மினிகள்! தனித்தனியாக அல்ல, ஒரே நேரத்தில் பளிச்சிட்டு, ஒரே நேரத்தில் அணைகின்றன. வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. யார் தாளம் போடுகிறார்கள்? எவரும் இல்லை. ஆண் மின்மினிகள் ஒன்றையொன்று பார்த்துத் தாமே இணைந்துகொள்கின்றன. பெண்களும் தங்கள் ஒளியால் மறுமொழி தருகின்றன. அது அவற்றின் திருமணப் பேச்சு.

மின்மினி பூச்சிதான் என்றாலும் வண்டினத்தைச் சேர்ந்தது. இந்த ஆற்று மின்மினி ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். ஒரு நெல்மணி அளவுகூட இல்லை. அதன் வயிற்றில் உள்ள ஒரு பொருள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. நம் வீட்டு விளக்கைத் தொட்டால் சுடும். மின்மினியின் ஒளியில் சூடு ஏறக்குறைய இல்லை.

அது கூடும் மரத்தின் பெயர் பெரெம்பாங். உப்பும் நன்னீரும் கலக்கும் ஆற்றங்கரையில் வளர்வது. மின்மினி வளர்ந்த பின்தான் மரத்துக்கு வருகிறது. அதற்கு முன் அது புழுவாகக் கரையோர ஈர மண்ணில், நிப்பாவும் சாகோவும் நிழல் தரும் இடத்தில் ஊர்ந்து திரிகிறது. அங்கே அதன் உணவு சிறு நத்தை. ஆகவே மின்மினிக்கு நான்கு தேவை: கரையில் மரம், மரத்தடியில் ஈர மண், மண்ணில் நத்தை, ஆற்றில் அளவான உப்பு. நான்கில் ஒன்று குறைந்தாலும் வெளிச்சம் குறையும்.

பெரெம்பாங்கின் இனத்தைச் சேர்ந்த மரங்களைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அவற்றின் பூக்கள் இரவில்தான் மலரும். தேன் குடிக்க வருவது வௌவால். 1970களில் பத்துமலைக் குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால்களை அறிஞர்கள் ஆராய்ந்தபோது, அவை இரவோடிரவாகக் கடலோரச் சதுப்புக் காடு வரை பறந்து இந்தப் பூக்களை நாடுவது தெரியவந்தது. டுரியான் பூவில் மகரந்தச் சேர்க்கை நடத்தி, காய் பிடிக்க வைப்பதும் இதே வௌவால்தான். டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை, சில வாரங்கள்தான். மற்ற மாதங்களில் வௌவாலின் பசியாற்றுபவற்றில் முக்கியமானது சதுப்புக் காட்டுப் பூ. நாம் காவடி தூக்கிச் செல்லும் குகைக்கும், கடலோரச் சேற்றுக்கும், நம் வீட்டில் பிளக்கும் டுரியானுக்கும் இடையே இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத நூல் ஓடுகிறது. சேற்றுக் கரையில் வெட்டும் கத்தி அந்த நூலையும் வெட்டுகிறது.

நேயர்களே, இந்த வெளிச்சத்துக்கு ஆபத்து வந்திருக்கிறது. சில இடங்களில் ஆற்றின் விளிம்பு வரை மரங்களை வெட்டிச் செம்பனையும் வாழையும் நட்டார்கள். மரம் போனதும் கரை சரிந்தது. நிழல் போனதும் மண் காய்ந்தது. ஆற்றின் மேற்பகுதியில் கோலகுபுபாரு அருகே 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அணை கட்டப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடுகளுக்கு வரும் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆற்றுநீர்தான். மேலே நீரைத் தேக்கினால் கீழே நன்னீர் குறைந்து உப்பு ஏறிவிடுமோ என்ற கவலை அப்போதே எழுந்தது. நகரத்தில் நாம் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோகும் நீருக்கும் மின்மினிக்கும்கூடத் தொடர்பு இருக்கிறது.

பெரிய காரியங்கள் அரசும் கம்பெனிகளும் செய்ய வேண்டியவை. ஆனால் நம் கையில் இருப்பவையும் சில உண்டு.

ஆற்றோரத் தோட்டத்தில் மருந்து அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் பம்பையும் வாளியையும் கால்வாயில் கழுவாதீர்கள். கால்வாய் ஆற்றில் சேர்கிறது. மருந்து நத்தையைச் சேர்கிறது. அதற்கென ஒதுக்கிய இடத்திலேயே கழுவுங்கள். அதே கால்வாயில் மீன் பிடித்து விளையாடுவது நம் பிள்ளைகள்தான் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். ஆற்றங்கரைப் புதரைச் சுத்தம் செய்யச் சொன்னால், பெரெம்பாங் மரத்தையும் நிப்பாவையும் விட்டுவைக்கலாமா என்று மேலாளரிடம் ஒரு முறை கேளுங்கள். கரை சரியாமல் இருப்பது தோட்டத்துக்கும் நன்மைதான். கேட்பதில் தவறில்லை.

மின்மினி பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில குறிப்புகள். நிலவு இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள். இருட்டில்தான் அந்த அழகு முழுமையாகத் தெரியும். மழை பெய்தால் அன்று காத்திருந்து பயனில்லை. டார்ச் விளக்கு அடிக்காதீர்கள். பளிச்சிடும் விளக்கோடு படம் எடுக்காதீர்கள். நம் விளக்கின் வெளிச்சம் பட்டால் மின்மினிகளின் பேச்சு குலைந்துபோகும். கொசுவுக்காக மருந்து பூசுவதென்றால் படகில் ஏறுமுன்பே பூசிக்கொள்ளுங்கள். மரத்தருகில் தெளிக்க வேண்டாம். முக்கியமாக, மின்மினியைப் பிடித்துப் புட்டியில் அடைக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். புட்டிக்குள் இருப்பது காலையில் செத்த பூச்சி. மரத்தில் இருப்பது நாளைய வெளிச்சம்.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் பிறந்தவர்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தோட்டத்தின் பெயர்கூடத் தெரிவதில்லை. ஆகவே அடுத்த விடுமுறையில் இப்படிச் செய்து பாருங்கள். பிள்ளைகளோடு தாத்தாவையும் பாட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். மாலையில் மெலாவத்திக் குன்றில் ஏறி, சுல்தான் இப்ராஹிமின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கீழே தெரியும் செம்பனைத் தோட்டங்களைக் காட்டி, "இங்கே அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தொடங்கினால் பாடப்புத்தகத்தில் இல்லாத பல செய்திகள் வெளிவரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இருட்டியதும் படகில் ஏறுங்கள்.

சுல்தான் ஆண்ட கோட்டையில் இன்று கற்களே மிச்சம். நம்மவர் வாழ்ந்த லயங்களும் ஒவ்வொன்றாய் மறைகின்றன. ஆனால் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரத்தில், 1785ஆம் ஆண்டு இரவிலும் மின்மினி மின்னியிருக்கும். தென்னமரம் தோட்டத்தில் முதல் கன்று நட்ட இரவிலும் மின்னியிருக்கும். நம் பேரப்பிள்ளைகள் பார்க்கும்போதும் அது மின்ன வேண்டும். அதற்குக் கரையில் அந்த மரம் நிற்க வேண்டும். அதனடியில் சேறு ஈரமாக இருக்க வேண்டும்.

சேற்றைக் கண்டு இனி முகம் சுளிக்க மாட்டோம் அல்லவா?